சொன்னபடி வந்த எண்கள்

ஏப்ரல் 3, வியாழன்

மாடல் ஓடுகிறது. திரையின் அடியில் பச்சைக் கோடு, நகர்வேனா என்று அடம்பிடித்துக்கொண்டே நகர்கிறது. அது மறுகோடிக்குப் போய்ச் சேரும்வரை எனக்கு வேலை கிடையாது. வேலை இருப்பது போல முகத்தை வைத்துக்கொள்வதுதான் வேலை. அந்த நேரத்துக்காகத்தான் இந்த நாட்குறிப்பு. மற்றவர்கள் செல்போனைத் தேய்க்கிறார்கள், நான் பேனாவைத் தேய்க்கிறேன்.

காலையில் தலை பின்னிவிடும்போது நிலானி கேட்டாள்.

“ஸ்கூல்ல எழுதிட்டு வரச் சொன்னாங்க. உன் வேலை என்னம்மா?”

“கம்ப்யூட்டருக்குள்ள டயர் ஓட்டறது.”

“அப்பாவோடது?”

“அப்பா நெஜ டயர் ஓட்டறாரு. மெஷின்ல.”

“அப்ப அப்பாவோடதுதான் நெஜ வேலை” என்றாள். ஒன்பது வயது. சீப்பால் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

பெற்ற பெண்ணே இப்படிச் சொன்னால் ஊரார் என்ன சொல்வார்கள்? அவளுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். என் கணவன் தயாளன் இதே கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு. அங்கே ஆள் உயரத்துக்கு இரும்பு டிரம்கள் இரண்டு சுற்றும். டயரில் காற்றடித்து, வண்டிப் பாரம் அளவுக்கு அழுத்தி, ஒன்றின்மேல் ஓடவிடுவார்கள். டயர் பிய்ந்துபோகும்வரை ஓடும். எத்தனை மணி நேரம் தாங்கியதோ அதுதான் டயருக்கு மார்க். நான் அந்த டயரை வார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கட்டி, ரப்பர், இரும்புக் கம்பி, காற்று, சூடு எல்லாவற்றையும் எண்களாகக் கொடுத்து, இது இத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஜோசியம் சொல்பவள். ஜோசியம் பலித்தால் ஒவ்வொரு டயரையும் வார்த்து வார்த்துப் பார்க்கும் மாதங்கள் மிச்சம். பலித்ததா என்று டிரம்தான் சொல்ல வேண்டும்.

முறைப்படி, கணிப்பவர் தன் எண்ணைச் சோதிப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ரகசியம் என்று நான் சொல்லிவிடுவேன். இந்த மாடலைக் கட்டிய இரண்டு வருடமாக எங்களுக்குள் ஒரு பந்தயம் இருக்கிறது. சோதனை என் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் தயா பரோட்டா வாங்கித் தர வேண்டும், தள்ளி வந்தால் நான். இதுவரை நான் ஒரு தடவையும் வாங்கியதில்லை. என் இடுப்பைப் பார்த்தாலே அது தெரியும்.

கோடு முடிந்துவிட்டது. புது வேன் டயர்: 112 மணி நேரம். கம்பெனி கேட்பது 90. உடனே அவனுக்கு அனுப்பினேன்: “112. தோத்தா பரோட்டா.”

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலுக்கு வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூவரும் வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். புலி தூங்கியது. நிலானிக்கு ஒரே ஏமாற்றம். தயா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிங்கம்வரை நடந்தான்.

முன்பெல்லாம் டிரம் ஓடும் நாட்களில் ஞாயிறு என்றும் பார்க்காமல் போய் நிற்பான். இப்போது டிரம் ஓட்டும் முனிரத்தினமே பார்த்துக்கொள்கிறாராம். ஒருவழியாகப் பொறுப்பை இறக்கி வைக்கக் கற்றுக்கொண்டானே என்று எனக்கு நிம்மதி. துணி துவைப்பதும் சுலபமாகிவிட்டது. எரிந்த ரப்பர் வாசனை போக அவன் சட்டைகளை இரண்டு முறை அலசுவேன். இப்போது ஒரு தண்ணீர் போதும்.

ஏப்ரல் 9, புதன்

நூற்றுப் பத்து!

நான் சொன்னது நூற்றுப் பன்னிரண்டு. டிரம் சொன்னது நூற்றுப் பத்து. சிங்கப்பெருமாள்கோவில் கடையிலிருந்து பொட்டலத்தோடு வந்து, “இந்தா, ஜோசியக்காரி” என்று நீட்டினான். சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்ல மறந்திருந்தான். அதனால் என்ன, ஊறிய பரோட்டாவுக்கும் ஒரு ருசி உண்டு.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றைக்கு மாடலை ஓட்டாமலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன், சந்தோஷத்தில்.

எங்கள் தொழில்நுட்பத் தலைவர் பிலோமினா மேடம் எல்லோரையும் கூட்டினார். ஏழு டயர்கள், ஏழிலும் சுகந்தியின் கணிப்பும் சோதனையும் ஒட்டி வந்திருக்கின்றன என்று திரையில் காட்டினார். இனிமேல் இந்த வேன் டயர் வரிசையில் புது அளவு வந்தால் டிரம்மில் ஓட்டத் தேவையில்லை, சுகந்தி கையெழுத்துப் போட்டால் வார்க்கலாம். முதல் லோடு பள்ளி திறப்பதற்குள் கடைகளுக்குப் போக வேண்டும், பள்ளி வேன்காரர்கள் டயர் மாற்றுவது அப்போதுதான். பன்னிரண்டு பேர் என்று எழுதிய வேனில் இருபது பிள்ளைகளை அடைக்கும் நாட்டுக்கு ஏற்ற டயர் என்று மேடம் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

கை தட்டினார்கள். தயா பின் வரிசையில் எழுந்து நின்று தட்டினான். போன வருடம் ஆண்டு விழாவில் எனக்கு விருது கொடுத்தபோதும் அப்படித்தான் நின்றான். கூட்டத்தில் எழுந்து நிற்கும் ஒரே ஆள் தன் புருஷனாக இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி நன்றாக அமைந்தது. தயா வேப்பம்பூவை மட்டும் ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 17, வியாழன்

அடுத்த அளவு டயருக்காக வேன் டயரின் ஃபைலைத் திறந்தேன். காற்றழுத்தம் என்ற கட்டத்தில் 70 என்று இருந்தது.

வேன் டயருக்கு 55. எழுபது என்பது அதற்கு முன் நான் செய்த சின்ன லாரி டயரின் காற்று. லாரி ஃபைலைப் பிரதி எடுத்து அதன்மேல் வேலை செய்திருக்கிறேன், காற்றை மாற்ற மறந்திருக்கிறேன். காற்று குறைந்தால் டயர் நசுங்கும், நசுங்கினால் சூடாகும், சூடானால் ஓரம் பிரியும். சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நான் லாரிக் காற்றை அடித்துவிட்டு வேன் டயர் பிரமாதம் என்றிருக்கிறேன்.

ஐம்பத்தைந்தைப் போட்டு மறுபடி ஓட்டினேன். 63 மணி நேரம். கம்பெனி கேட்பது 90.

அப்படியானால் டிரம்மில் எப்படி 110 வந்தது?

ஏப்ரல் 18, வெள்ளி

மறுபடி ஓட்டினேன். 63.

ஏப்ரல் 20, ஞாயிறு

யோசித்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் கிடைத்தன. ஒன்று, என் மாடல் ரப்பரைக் கொஞ்சம் நோஞ்சானாக நினைக்கிறது; நிஜ ரப்பர் அதைவிட உறுதி. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்திருக்கலாம், பரீட்சையில் நடப்பதில்லையா? இன்னொன்று, சோதனைக் கூடத்திலும் தவறுதலாக எழுபது அடித்திருக்கலாம். மூன்றாவதை நான் இப்போது எழுதப்போவதில்லை.

தோசை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன்.

“தயா, வேன் டயருக்கு எவ்ளோ காத்து அடிச்சீங்க?”

“அம்பத்தஞ்சு. ஷீட்ல இருக்கறதுதானே?”

“எழுபது கிழுபது அடிச்சிருக்க மாட்டீங்களே?”

“நாங்க என்ன பெட்ரோல் பங்க்கா நடத்தறோம்?” என்று சிரித்தான். “ஏன் கேக்கறே?”

“சும்மாதான்.”

தோசை கருகிவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

நிலானியின் வேன்காரர் ஜூனிலிருந்து கட்டணம் கூட்டுகிறாராம். டயர் மாற்ற வேண்டுமாம். பள்ளி முடிகிற நேரத்தில் இதைச் சொல்லிவிட்டுப் போனார். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் சோதனைக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்குப் போனேன். ஓடி முடித்த டயர்களை அங்கேதான் அடுக்கி வைப்பார்கள். தயா இன்று ஒரகடம் கிளைக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன் என்று எழுதத் தேவையில்லை, தற்செயலாக அமைந்தது.

முனிரத்தினம் டிரம்மைப் பார்த்துக்கொள்பவர். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே எழுந்து வந்தார்.

“இன்னா மேடம், இந்த வெயில்ல இந்தாண்ட?”

“வேன் டயரைப் பாக்கணும்ண்ணே. நூத்திப் பத்து வந்துச்சே.”

“அதோ, மூணாவது அடுக்கு.”

நூற்றுப் பத்து மணி நேரம் ஓடிப் பிய்ந்த டயர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓரம் வாயைப் பிளந்திருக்கும், உள்ளே இருக்கும் கம்பி தெரியும், கிட்டே போனால் கருகல் நாற்றம் அடிக்கும். இது முழுசாக இருந்தது. முழுசு என்றால் புதுசு. புதிதாக வார்த்த டயரில் மீசை மீசையாகச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அச்சில் காற்றுப் போகும் துவாரங்களில் ரப்பர் புகுந்து உண்டாவது அது. கொஞ்ச தூரம் ஓடினாலே தேய்ந்துபோகும். அந்த மீசை ஒன்றுகூட உதிரவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன், விரலில் குத்தியது.

“இது ஓடவே இல்லையேண்ணே.”

“ஆமா மேடம். ரெண்டாம் டிரம்மு பேரிங்கு தீவாளிக்கே பூடுச்சு. சாமான் வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம். ஒண்ணாம் டிரம்முல எக்ஸ்போர்ட் டயரு மட்டும்தான் ஏறுது.”

“அப்ப நூத்திப் பத்து?”

அவர் டிபன் பாக்ஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“மேடம் மாடலு சொல்றதுதான் அப்டியே வருதே, எதுக்குக் கரண்டை வேஸ்ட் பண்ணிக்கினுன்னு சார்தான் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?”

“தெரியும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதுவரை தெரியவில்லை. மானம் போகிற நேரத்தில் வாய் தானாகப் பொய் சொல்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

சாம்பாரில் உப்பு போட மறந்திருக்கிறேன். தயா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான்.

ஏப்ரல் 26, சனி

நிலானி பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். தயா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். நான் கதவருகே நின்றேன்.

“வேன் டயரை எப்ப ஓட்டினே?”

“போன வாரத்துக்கு முந்தின…”

“தயா. கொட்டகைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். மீசைகூட உதிரல.”

அவன் மடிப்பதை நிறுத்தவில்லை. நிலானியின் பாவாடையை நான்காக மடித்து, ஓரம் சரியில்லை என்று பிரித்து, மறுபடி மடித்தான்.

“டிரம் போயிடுச்சு சுகி. சாமான் வரல. மேடம் கேக்கற தேதி மட்டும் நகரல. நான் என்ன பண்ணட்டும்? உன் நம்பர் எப்படியும் சரியாத்தான் இருக்கும்.”

“அது எப்படித் தெரியும்?”

“முன்னாடியெல்லாம் வந்துச்சே.”

“தீவாளிக்கு முன்னாடி மூணு டயர். அதையாவது ஓட்டினியா?”

“ஓட்டினேன். சத்தியமா ஓட்டினேன். நிலானி மேல…”

“அவளை இழுக்காதே. என்ன வந்துச்சு?”

துணி தீர்ந்துவிட்டது. மடிக்க ஒன்றும் இல்லாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் தள்ளி வந்துச்சு.”

“கொஞ்சம்னா?”

“விடேன் சுகி.”

“கொஞ்சம்னா எவ்ளோ?”

“பாதி” என்றான். “பாதிக்கும் கீழே. நீ சாப்பாடு தூக்கம் பாக்காம உக்காந்து கட்டினது. முதல் டயர்லயே கவுந்துடுச்சுன்னு நான் வந்து உன்கிட்ட சொல்லணுமா? உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியல. உன் நம்பருக்குப் பக்கத்துல ஒண்ணை எழுதிட்டேன். உனக்காகத்தான்.”

எனக்காகவாம்.

இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். மாடல் தப்பு என்று தெரிந்தால் திருத்தலாம். திருத்தித் திருத்தித்தான் அது ஒருநாள் உருப்படும். என் தொழிலே அதுதான். எனக்குத் தவறு என்று சொல்ல இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஓர் இரும்பு டிரம். அதன் வாயைப் பொத்திவிட்டு, இவன் எனக்குப் பரோட்டா வாங்கித் தந்திருக்கிறான். அவன் எழுதிய முதல் பொய்யைச் சோதனை என்று நம்பி அதற்கேற்ப மாடலை மாற்றினேன். மாற்றிய மாடலின் எண்ணை அவன் அடுத்த சோதனை என்று எழுதினான். இரண்டு வருடம் நான் என் குரலையே எதிரொலியாகக் கேட்டுவிட்டு, ஊர் ஆமோதிக்கிறது என்று குதித்திருக்கிறேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்தது மட்டுமா, விளைச்சல் அமோகம் என்று எழுந்து நின்று கையும் தட்டியது.

“மேடம்கிட்ட நான் திங்கக்கிழமை சொல்லப்போறேன்” என்றேன்.

“நானே சொல்றேன்” என்றான். “நான் பண்ணினது. நானே சொன்னாத்தான் மரியாதை. ஒரு நாள் குடு, சுகி.”

அவன் கண் கலங்கியிருந்தது. கொடுத்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சொல்லிவிட்டானாம். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். உன்னையும் கூப்பிடுவாங்க என்றான். மல்லிகைப்பூ வாங்கி வந்து சாமி படத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் கொடுக்காமல் நிலானியிடம் கொடுத்தான்.

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும், தானே போய்ச் சொன்னானே என்று மனசின் ஓர் ஓரத்தில் கொஞ்சம் இளகியது. அந்த ஓரத்தை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பிலோமினா மேடம் கதவைச் சாத்தச் சொன்னார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“தயாளன் நேத்து எழுதிக் குடுத்திருக்கார்” என்றார். “டெஸ்டுக்கு முன்னாடியே சுகந்தி நம்பர் அனுப்பிடுவாங்க. அதுக்குப் பக்கத்துல வரணும்னு எதிர்பார்ப்பாங்க. வரலன்னா வீட்டுல நிம்மதி இருக்காது. அதனால அவங்க சொன்ன மாதிரியே எழுதினேன். இப்படி.”

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

“‘112. தோத்தா பரோட்டா.’ இது நீங்க அனுப்பினதா?”

“ஆமா மேடம்.”

“‘87. இந்த வாட்டியும் நான்தான்.’ இதுவும்?”

“நான்தான்.”

“‘ஒழுங்கா ஓட்டு, எனக்கு 94 வேணும்.’ சுகந்தி, இதுக்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கறது?”

புருஷனும் பெண்டாட்டியும் விளையாடியது அது. அந்த விளையாட்டை ஆபீஸ் அறையில், மின்விசிறிச் சத்தத்தில், வேறொருவர் வாயால் கேட்டபோது எனக்கே நான் மிரட்டியது போலத்தான் இருந்தது. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் கொடுத்த அந்த ஒரு நாளை இதற்குத்தான் செலவழித்திருக்கிறான். ஞாயிறு முழுக்க வராந்தாவில் போனோடு உட்கார்ந்திருந்தான். நான் இரண்டு முறை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

“மேடம், வேன் டயர் லோடு போயிடுச்சா?”

“வெள்ளிக்கிழமை கிளம்புது.”

“நிறுத்திடுங்க. என்னைப் பத்தி அப்பறம் விசாரிச்சுக்கங்க.”

“எதை வெச்சு நிறுத்தறது? டெஸ்டுதான் பொய். உங்க மாடல் இன்னும் பாஸுங்குதே?”

“அதுவும் தப்பு மேடம். நான் காத்தைத் தப்பா போட்டிருக்கேன். எழுபது போட்டுட்டேன். சரியா போட்டா அறுபத்து மூணுதான் வருது. அந்த அறுபத்து மூணையும் நம்பாதீங்க. பொய்யை வெச்சுக் கட்டின மாடல்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“காத்து விஷயம் வேற யாருக்கும் தெரியாதே. இதைச் சொன்னா உங்களுக்குத்தான் பாதகம். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப அந்த டயர் நெஜமா எவ்ளோதான் தாங்கும்?”

“தெரியல மேடம்” என்றேன். எட்டு வருடத்தில் இந்த அறையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. “ஓட்டினாத்தான் தெரியும்.”

ஏப்ரல் 30, புதன்

நிலானியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கேட்டேன்.

“என்னை ஏன் இழுத்தே?”

“யோசிச்சுப் பாரு சுகி. என் மேல மட்டும்னா என்னை நேரா வெளிய அனுப்பிடுவாங்க, வேற எங்கயும் வேலை கிடைக்காது. நீயும் இருக்கேன்னா ரெண்டு பேரையும் அனுப்ப மாட்டாங்க. உன்கிட்ட விருது இருக்கு. உன்னை விட முடியாது அவங்களால. நம்ம குடும்பத்துக்காகத்தான்.”

முதலில் எனக்காக. இப்போது குடும்பத்துக்காக. இவன் தனக்காக ஒன்றுமே செய்துகொண்டதில்லை, பாவம்.

“என்னை மிரட்டறவள்னு எழுதிக் குடுத்திருக்கே.”

“அப்படி எழுதல. வீட்டுல நிம்மதி இருக்காதுன்னுதான்…”

“இருந்துச்சே தயா. நிம்மதியாத்தானே இருந்தோம்.”

எனக்கு அழுகை வந்தது. அடுப்படியில் போய் நின்று அழுதேன். அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் அழுதேன்.

மே 2, வெள்ளி

லோடு நிற்கிறது. இறக்கச் சொல்லிவிட்டார்கள். விற்பனைப் பிரிவு மேனேஜர் என்னை வழியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்றாம் டிரம்மிலிருந்து எக்ஸ்போர்ட் டயரைக் கழற்றச் சொல்லி மேடமே நின்றார். லோடிலிருந்து ஒரு டயரை அவரே கைகாட்டி எடுத்தார். காற்று ஐம்பத்தைந்து. மீட்டரை நானும் பார்த்தேன், மேடமும் பார்த்தார். சாயங்காலம் ஐந்துக்கு டிரம் சுற்றத் தொடங்கியது. தயாவுக்குக் கூடத்துக்குள் அனுமதி இல்லை.

ரப்பர் மீசைகள் சில நிமிடங்களில் தூளாகிப் பறந்தன. முனிரத்தினம் என்னைப் பார்க்காமல் விளக்குமாறைத் தேடிக்கொண்டு போனார்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். நிலானியை அம்மா வந்து மதுராந்தகத்துக்குக் கூட்டிப்போனாள். என்ன ஏது என்று அம்மா கேட்கவில்லை, என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

காலை பத்து மணிக்கு நான் சோதனைக் கூடத்தில் இருந்தேன். முதலில் சத்தம் மாறியது. சீராக இரைந்துகொண்டிருந்தது, யாரோ உள்ளிருந்து தட்டுவது போலத் தட்டத் தொடங்கியது. முனிரத்தினம் ஓடிவந்து தடுப்புக்குப் பின்னால் போகச் சொன்னார். போவதற்குள் வெடித்தது. டயரின் மேல்தோல் பாளம் பாளமாகக் கிழிந்து கூண்டில் மோதியது. டிரம் நின்ற பிறகும் அந்த நாற்றம் நின்றது. நான் இரண்டு தண்ணீரில் அலசி அலசிப் போக்கிய அதே நாற்றம்.

நாற்பத்தொரு மணி நேரம்.

நான் முதலில் சொன்னது நூற்றுப் பன்னிரண்டு. திருத்திச் சொன்னது அறுபத்து மூன்று. இரண்டும் இல்லை என்றது டிரம். இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஜூன் மாதத் தார் ரோட்டில், இது எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட என்னால் முடியும். போடவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெட்கத்தை விட்டு ஒன்றை எழுதுகிறேன். பயமும் அவமானமும் ஒருபுறம் இருக்க, எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் இது. நீ தோற்றாய் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் அந்த இரும்புக்காவது இருந்தது.

மேடம் வந்தார். கிழிந்த டயரைப் பார்த்தார். லோடு முழுவதும் உடைப்புக்குப் போகும் என்றார். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்தார். எனக்கு ஒன்று, தயாவுக்கு ஒன்று. விசாரணை முடியும்வரை இருவரும் கம்பெனிக்குள் வரக் கூடாது.

“உங்களை நான் நம்பறேனா இல்லையான்னு எனக்கே தெரியல, சுகந்தி” என்றார். “அந்த மெசேஜெல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது.”

“சரி மேடம்” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்தபோது தயா கூடத்தில் உட்கார்ந்திருந்தான். டிவி ஓடவில்லை, மின்விசிறிகூட ஓடவில்லை. உறையை அவன் பக்கத்தில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. என் பெட்டியை எடுத்து என் துணிகளையும் நிலானியின் துணிகளையும் அடுக்கினேன். அவன் மடித்து வைத்திருந்தவைதான், ஓரம் பிசகாமல் இருந்தன. நிலைப்படி அருகே வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போகாதே என்று சொல்வான் என்று நினைத்தேன். மன்னிச்சுக்கோ என்றாவது சொல்வான் என்று நினைத்தேன்.

“எவ்ளோ வந்துச்சு?” என்றான்.

ஏழு டயர்களில் ஒன்றுக்குக்கூட அவன் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருக்கிறது.

“ஓட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கோ” என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.